சாம்பிள் அண்ணாச்சியும் பாக்கியம் வீட்டுப் பதினாலு ஆடுகளும்

மும்பையில் ஆட்டின் பின்னால் நின்றவர்கள் எத்தனையோ பேர். வெட்ட நின்றவர்கள், விற்க நின்றவர்கள், விரட்ட நின்றவர்கள். ஆனால் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர் போல, ஆடு எப்போது மனம் வைக்கும் என்று முக்கால் மணி நேரம் மரியாதையாக நின்ற ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் அண்ணாச்சிதான். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவர் காத்திருந்தது புழுக்கைக்காக.

முகம் சுளிக்க வேண்டாம். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. செம்பூரில், கார் ரிப்பேர் கடைகளுக்குப் பின்னால், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்த சின்ன கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஆபீஸ் அசிஸ்டென்ட். கடிதம் டைப் அடிப்பது, ஃபைல் தேடுவது, ஃப்ரிஜ் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது என் வேலை. எருமைப் பால், மாட்டு ரத்தம், ஆட்டுப் புழுக்கை என்று எல்லாம் டப்பாக்களில் அடைபட்டு எங்களிடம் வரும். கொண்டு வருபவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து தாராவியில் வளர்ந்தவர். ஃபீல்டு அசிஸ்டென்ட் என்பது காகிதத்தில் இருந்த பதவி. வாட்ச்மேனிலிருந்து விஞ்ஞானிகள் வரை எல்லோருக்கும் அவர் சாம்பிள் அண்ணாச்சி. வடக்கத்திக்காரரான எங்கள் டைரக்டருக்கு மட்டும் ‘அண்ணாச்சி’ நாக்கில் நிற்காது. ‘சாம்பிள்ஜி’ என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஜையைத் துடைத்துவிட்டு உட்காரப் போனேன். எதிரே ஒரு ஒல்லியான மனிதர் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஐஸ் பெட்டி.

“மேடம், ஒரு நிமிசம் அசையாதிய.”

ஏதோ பூச்சி மேலே ஏறிவிட்டது என்று நினைத்து அப்படியே நின்றேன். அவர் கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்து உள்ளே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அதில் சிவப்பிலிருந்து வெளுப்பு வரை ஐந்து கட்டங்கள்.

“மூணு. பரவால்ல. ஆனா கவனிக்கணும். முருங்கக்கீரை தின்னுங்க” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. குடலில் ரத்தம் உறிஞ்சும் புழு இருந்தால் ஆட்டுக்குக் கண்ணிமையின் உட்புறம் வெளுத்துப் போகும். அந்த அட்டை ஆட்டுக்கானது. அண்ணாச்சிக்கு ஆடு வேறு, மனிதர் வேறு என்ற பாகுபாடு கிடையாது. பஸ் கண்டக்டருக்கு இரண்டு. வாட்ச்மேனுக்கு நாலு. டைரக்டருக்கு ஒன்று, “அவருக்கு ரத்தம் சாஸ்தி, அதான் கத்துதாரு” என்று விளக்கமும் சொன்னார்.

அறியாமையால் நான் அவரை என் அத்தை பெண்ணின் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டேன். மாட்டுங்காவில் மண்டபம். கைகுலுக்கப் போனவர் மேடையிலேயே மாப்பிள்ளையின் இமையை இழுத்துவிட்டார். போட்டோகிராபர் அதையும் எடுத்துவிட்டார். அண்ணாச்சி சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பி, “மாப்ளைக்கு நாலு இருக்கு தாயி. கீரை குடுத்துப் பாத்துக்கிடுங்க” என்றார். “எங்காத்துப் பிள்ளைக்கு என்ன கொறச்சல்?” என்று அந்த அம்மாள் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க எங்கள் குடும்பத்துக்கு ஆறு மாதம் ஆயிற்று. மாப்பிள்ளை மட்டும் தனியாக எனக்குப் போன் செய்து, “அந்தப் பெரியவர் என்ன கீரைன்னு சொன்னார்?” என்று கேட்டுக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் டாக்டர் வித்யா வந்து சேர்ந்தாள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கால்நடை மருத்துவம் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி முடிக்க அரை நாள் ஆகும். அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான். தாராவியில் ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் பல வருஷமாக ஒரே குடற்புழு மருந்தையே கொடுத்து வருகிறார்கள். அந்த மருந்து இன்னும் வேலை செய்கிறதா, அல்லது புழுக்கள் அதற்குப் பழகிவிட்டனவா? கண்டுபிடிக்கும் வழியும் எளிதுதான். மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டின் புழுக்கையிலும் எத்தனை புழு முட்டை இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். மருந்து கொடுத்த பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் மறுபடி எடுத்து எண்ண வேண்டும். முட்டை குறைந்திருந்தால் மருந்து நல்லது. குறையவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டும்.

எண்ணுவது டாக்டர் வித்யா. எடுத்து வருவது அண்ணாச்சி. அவர் தமிழில் எழுதி ஒட்டும் சீட்டுகளைப் படித்து ஆங்கிலத்தில் பதிவு செய்வது நான்.

முதலில் ஆடுகளுக்கு நம்பர் போட வேண்டியிருந்தது. அண்ணாச்சி காதில் மாட்டும் மஞ்சள் வில்லைகளோடு தாராவிக்குள் போன அதே வாரம், பழைய வீடுகளுக்குப் பதில் ஃப்ளாட் கட்டித் தரும் திட்டத்துக்காக வீடுகளை அளந்து சுவரில் நம்பர் எழுதும் ஆட்களும் வேறொரு பக்கத்திலிருந்து சந்துக்குள் வந்துவிட்டார்கள். சந்து முழுக்கக் குழப்பம். ஒரு பெரியவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, உண்மையைச் சொல்லணும். ஆட்டுக்கும் ஃப்ளாட் உண்டா?”

“யாருவே சொன்னா?”

“வீட்டுக்கு நம்பர் போட்டா வீட்டுக்கு ஃப்ளாட்டு. ஆட்டுக்கு நம்பர் போட்டா?”

மறுநாள் நம்பர் போட்டுக்கொள்ள வந்த ஆடுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. சிலவற்றை யாரோ வாடகைக்குக் கொண்டுவந்ததாக அண்ணாச்சி கடைசிவரை சந்தேகப்பட்டார்.

அடுத்து, புழுக்கை எடுக்கும் முறை. கையுறை போட்டு நேராகவே எடுத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்று டாக்டர் வித்யா சொல்லிக்கொடுத்தாள். அண்ணாச்சி கையுறையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார்.

“டாக்டரம்மா, மனசு வரல. அதுவும் ஒரு உசிருல்லா? தானாப் போடட்டும். நான் நிக்கேன்.”

நின்றார். வெயிலில் நின்றார், மழையில் குடை பிடித்து நின்றார். குடையை ஆட்டுக்குப் பிடித்தார். விழுந்த உடனே எடுத்தால் அதுவும் சரியான முறைதான் என்பதால் டாக்டரும் ஒத்துக்கொண்டாள். விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தால்தான் எடுப்பார். தரையில் ஏற்கெனவே கிடப்பது எந்த ஆட்டினுடையது என்று யார் கண்டது? சீட்டில் ஆட்டின் நம்பர், பெயர், தேதி எல்லாம் எழுதி, கடைசி வரியில் அவராகவே ஒன்று சேர்த்துக்கொண்டார்: ‘விழக் கண்டேன்.’ கீழே கையெழுத்து.

அந்தச் சீட்டு ஒரு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி ஃப்ரிஜ் பழுதாகி, டப்பாக்களை எல்லாம் நாங்கள் சாப்பாடு வைக்கும் ஃப்ரிஜ்ஜுக்கு மாற்றினோம். அன்று எங்கள் லைப்ரரி மாமிக்காக நான் வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டைக்காய் வற்றல் கொண்டுவந்து அதே ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தேன். பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை. சாயங்காலம் ஏழு மணிக்கு மாமி போன் செய்தாள்.

“ஏண்டி, வத்தல் டப்பால ‘மூக்கன், ஆண், இரண்டு வயசு, விழக் கண்டேன்’னு எழுதியிருக்கே. மூக்கன் யாரு?”

“மாமி! அடுப்புல என்ன இருக்கு?”

“எண்ணெய் காஞ்சிண்டிருக்கு.”

“அணைச்சிடுங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

மூக்கன் பாக்கியம் வீட்டு ஆடு. தாராவியில் அண்ணாச்சி வீட்டுக்கு நாலு சந்து தள்ளிப் பாக்கியம் அக்கா பதினாலு ஆடுகள் வைத்திருந்தாள். கணவர் தோல் பட்டறையில் வேலை செய்தார். ஆடுகள் முழுக்க அக்காவின் பொறுப்பு. பதிமூன்று ஆடுகள் காலையில் அவிழ்த்து விட்டால் ரயில் பாதை ஓரம், சாக்கடை ஓரம், குப்பைமேடு என்று உலகம் சுற்றிவிட்டுப் பொழுது சாய்ந்தால் திரும்பும். பதினாலாவது ராணி. ராணி மட்டும் வாசலிலேயே கட்டுப்பட்டு, அகத்திக்கீரையும் பலாயிலையும் கழுத்தை நீட்டி வாங்கிச் சாப்பிடும். பாக்கியத்தின் செல்லம். யாரையும் லட்சியம் செய்யாது.

மற்ற வீட்டு ஆடுகளில் மருந்துக்குப் பிறகும் புழு முட்டைகள் நிறையவே இருந்தன. டாக்டர் வித்யாவுக்குச் சந்தேகம் வலுத்தது. டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “மருந்து நல்ல மருந்து. சொந்தக்காரர்கள் சரியாகக் கொடுத்திருக்க மாட்டார்கள்” என்றார். கடைசியாகப் பாக்கியம் வீட்டு ஆடுகள் பாக்கி இருந்தன. அவற்றுக்கு டாக்டரே நேரில் போய், எடை பார்த்து, அளந்து மருந்து புகட்டினாள்.

அதற்கு நாலாம் நாள் மழையில் அண்ணாச்சி வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கி வெள்ளரிப்பழம் மாதிரி ஆகிவிட்டது. லீவு போடச் சொன்னோம். “பத்தாம் நாளு எனக்காக நிக்குமா?” என்று கேட்டுவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு பத்தாம் நாள் போனார். மத்தியானத்துக்கு முன்பே பதினாலு டப்பாவோடு திரும்பினார். பதினாலு ஆட்டின் பின்னால் நிற்க அவருக்கு இரண்டு முழு நாள் வேண்டும். கால்வலியில் இருக்கிறாரே என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் எண்ணினாள். ஒன்றாம் நம்பர் ஆடு, சைபர். இரண்டு, சைபர். மூக்கன், சைபர். பதினாலு ஆட்டிலும் ஒரு முட்டை இல்லை.

டைரக்டர் லட்டு வரவழைத்தார். “பார்த்தீர்களா? சரியாகக் கொடுத்தால் மருந்து வேலை செய்கிறது!” நாலு நாள் கழித்து வெளியூரிலிருந்து நிபுணர் குழு ஒன்று எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்தக் குழு சொன்னால்தான் கூடத்துக்கு அடுத்த மூன்று வருஷத்துக்கு ஆயுள். பாக்கியம் வீட்டு முடிவை முதல் பக்கத்தில் போடச் சொல்லி டைரக்டர் என்னிடம் கொடுத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் வேலை தற்காலிகமானது. அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதத்தை நான் டைப் அடித்து டைரக்டர் மேஜையில் வைத்திருந்தேன். கையெழுத்து ஆக வேண்டியதுதான் பாக்கி.

எல்லோரும் லட்டு தின்றோம். அண்ணாச்சி தின்னவில்லை. மீதியிருந்த டப்பாக்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, சந்தோஷம் இல்லையா?” என்றேன்.

“மேடம், மூக்கன் குப்பைமேட்டுல அட்டைப்பெட்டி திங்குத பய. கிடா மந்திரி புளியங்கொட்ட திங்கும். இவனுவ புழுக்கையெல்லாம் எனக்கு முகம் தெரிஞ்ச மாதிரி. இதப் பாருங்க. பதினாலும் ஒரே பச்சை, ஒரே உருண்டை. அம்புட்டும் கீரை தின்ன ஆட்டுது.”

எனக்கு அவை எல்லாம் எப்போதுமே ஒரே மாதிரிதான். ஆனால் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அவர் தனியாக நொண்டிக்கொண்டு போகக் கூடாது என்று நானும் தாராவிக்குப் போனேன். பாக்கியம் அக்கா எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அண்ணாச்சி உட்காரவில்லை.

“பாக்கியம், நேரா ஒண்ணு கேக்கேன். முந்தாநாளு காலைல நீ டப்பாவுல போட்டுக் குடுத்தியே, அது எந்த ஆட்டுது?”

“ஆட்டுதுதான் அண்ணாச்சி.”

“எந்த ஆடு?”

பாக்கியம் முகம் மலர்ந்து சொன்னாள். “ராணிது. பின்ன? நீங்க கால ஒடிச்சிக்கிட்டு அந்தக் களவாணிப் பயலுவ பின்னால ஓடுறத எனக்குப் பாக்கச் சகிக்கல. அதான் நானே விடியக்காலம் எந்திரிச்சு, நல்லதாப் பாத்துப் பதினாலு டப்பாவுலயும் போட்டு வச்சேன். அதுவ தின்னுறதெல்லாம் குப்பை. அதையா பெரிய ஆபீஸுக்கு அனுப்புறது? வீட்டுக்கு வந்தவங்களுக்கு நாம நல்ல தட்டுலதான வைப்போம்?”

நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பா அண்ணாச்சி?” என்று பாக்கியம் கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

“உன் தப்பு இல்ல தாயி. பதினாலு சீட்டுலயும் ‘விழக் கண்டேன்’னு கையெழுத்துப் போட்டது நான்லா. நான் எங்க கண்டேன்? இங்கன உக்காந்து காப்பில்லா குடிச்சேன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, சொல்லித்தான் ஆகணுமா?” கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்துதான் கேட்டேன். அவர் வேலை நீட்டிப்புக் கடிதம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

“சொல்லலைன்னா என்ன ஆகும் மேடம்? மருந்து நல்ல மருந்துன்னு அச்சடிப்பாவ. எல்லாவனும் அதையே வாங்கி ஊத்துவான். ஆடு வெளுத்து வெளுத்துச் சாகும். பாக்கியத்துக்கும் ஏன்னு தெரியாது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்குத் தெரியும்லா.”

டாக்டர் வித்யா கேட்டதும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். “ஒரு வருஷ வேலை அண்ணாச்சி! நான் உங்களை எவ்வளவு நம்பினேன்!” அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். டைரக்டர் அழவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

“சாம்பிள்ஜி, புழுக்கை புழுக்கைதான். எந்த ஆட்டினுடையது என்று யாருக்குத் தெரியப் போகிறது?”

அண்ணாச்சி தன் தாராவி ஹிந்தியில் பணிவாகச் சொன்னார்: “மீதிப் பதிமூணு ஆட்டுக்கும் தெரியும் சாப்.”

எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்போது டாக்டர் வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சார், இன்னிக்குப் பன்னிரண்டாம் நாள். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நாளைக்கும் நாளன்னிக்கும் புதுசா எடுத்துடறோம்.” டைரக்டர் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். நாங்களும் பின்னால் வந்துவிட்டோம்.

பதிமூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பாக்கியம் வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேர். வேகமாக முடியட்டும் என்று டாக்டர் கையுறையை எடுத்தாள். அண்ணாச்சி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கையுறையை உள்ளே வைத்துவிட்டாள். ஆளுக்குச் சில ஆடுகள் என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு மூக்கன், இன்னும் மூன்று பேர்.

பாக்கியம் மட்டும் வெளியே வரவில்லை. முந்தின நாள் முழுக்க யோசித்து, தான் ஆசையாகக் கொடுத்ததை ஆபீஸில் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று முடிவுக்கு வந்திருந்தாள். “நல்லது செஞ்சா இதான்” என்று உள்ளேயிருந்து பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களும் பலமாகவே பதில் சொல்லின.

மூக்கனை அவிழ்த்து விட்டார்கள். அதற்கு முன் நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பின்னால்கூட அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. நல்ல பருத்திப் புடவை, கையில் டப்பா, முன்னால் மூக்கன். அது தையல் கூடத்துக்குள் நுழைந்து ஒரு சட்டையின் காலரைத் தின்றது. பானை செய்கிற வீட்டு முற்றத்தில் காய வைத்திருந்த அகல் விளக்குகளின் நடுவே, ஒன்றைக்கூட மிதிக்காமல், மந்திரம் போட்டது போல் நடந்து போனது. நான் இரண்டை மிதித்தேன். பிளாஸ்டிக் பிரிக்கிற கொட்டகையில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

“க்யா ஹுவா, மேடம்? ஆடு தொலைஞ்சிடுச்சா?”

“இல்லை. அது... போறதுக்காகக் காத்துண்டிருக்கேன்.”

“எங்க போறதுக்கு?”

நான் சொன்னேன். அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஆனால் மனுஷர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து நின்றார். பத்து நிமிஷத்தில் சந்து முழுக்க விஷயம் பரவிவிட்டது. அதற்கப்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும் குரல்: “மேடம், ஒம்பதாம் நம்பர் இங்க நிக்குது, வாலைத் தூக்குது!” “டாக்டர், ஜல்தி ஆவோ! ஆறாம் நம்பர்!” கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். பாராளுமன்றத் தேர்தல் முடிவுக்குக்கூட அந்தச் சந்து அவ்வளவு ஆவலாகக் காத்திருந்திருக்காது.

மூக்கன் பதினொன்றரைக்கு மனம் வைத்தான். விழக் கண்டேன். என் வாழ்க்கையில் நான் அடைந்த வெற்றிகளில் முதல் ஐந்துக்குள் அதை வைப்பேன்.

ராணியை ஏற்கெனவே எண்ணியாயிற்று; மற்றவற்றில் அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டு டப்பா சேர்ந்துவிட்டது. பாக்கி மந்திரி. மந்திரி என்பது கொம்பு வளைந்த ஒரு கிழட்டுக் கிடா. முதல் நாள் காலையிலிருந்து எங்களை ஏய்த்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தது. கீரை வைத்தோம், தின்றது. தண்ணீர் வைத்தோம், குடித்தது. கொடுப்பது மட்டும் இல்லை. நாலு மணி ஆயிற்று. எண்ணுவதற்கு நேரம் வேண்டுமே என்று டாக்டர் வித்யா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள். அண்ணாச்சி வீங்கின காலோடு மந்திரியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றார். உட்கார்ந்துதான் இந்த வினை வந்தது என்றார்.

வீட்டுக் கதவு திறந்தது. பாக்கியம் வெளியே வந்து அவர் காலைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அண்ணாச்சி, நீங்க போய் உக்காருங்க. நான் நிக்கேன்.”

“இல்ல தாயி...”

“காப்பி குடிக்கச் சொல்லல. உக்காரத்தான் சொன்னேன். உக்காந்துக்கிட்டே பாருங்க. ரெண்டு பேரும் பாப்போம்.”

அவள் போய் ஸ்டூலைக் கொண்டுவந்து மந்திரியின் பின்னாலேயே போட்டாள். அண்ணாச்சி உட்கார்ந்தார். “பாக்கியம், உன்னைக் கேக்காம உன் டப்பாவத் தூரப் போட்டுட்டேன். மனசுல வச்சுக்கிடாத” என்றார். அவள் மந்திரியின் முதுகை ஒரு தட்டுத் தட்டினாள். “போடுலே! மனுசன் எம்புட்டு நேரம் நிப்பாரு?”

மந்திரி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அப்புறம் போட்டது. சந்தில் எழுந்த கைதட்டலைக் கேட்டு மிரண்டு மூன்று ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

பதிமூன்று ஆடுகளில் ஒன்பதில் முட்டைகள் மருந்து கொடுப்பதற்கு முன் இருந்த அளவைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். ராணி மட்டும் சைபர். அதற்கு முதலிலிருந்தே புழு கிடையாது; தரையில் மேய்ந்தால்தானே வரும். டாக்டர் வித்யா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, “மருந்து வேலை செய்யலை அண்ணாச்சி” என்றாள். கெட்ட செய்தியை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன யாரையும் நான் பார்த்ததில்லை. நான் அறிக்கையின் முதல் பக்கத்தை மறுபடி டைப் அடித்தேன்.

மறுநாள் நிபுணர் குழு வந்தது. தலைவர் ஒரு வயதான அம்மையார். டாக்டர் வித்யா பேசி முடித்ததும், புழுக்கை எடுத்தவர் யார் என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்தார். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி நல்ல செய்தியில் ஆரம்பிக்கவில்லை. காப்பியில் ஆரம்பித்தார். தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, பதினாலு டப்பாவிலும் ராணி இருந்தது, மறுபடி எடுத்தது, மந்திரி ஒன்றரை நாள் படுத்தியது என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மையார் முதலில் புன்னகைத்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும், “இந்த அறிக்கையில் இருக்கும் எண்களை நான் நம்புகிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, குறிப்பேட்டில் நீளமாக எதையோ எழுதினார்.

கூடத்துக்கு ஆயுள் நீண்டது. தாராவி ஆடுகளுக்கு மருந்து மாறியது. பாக்கியத்தின் ஆடுகள் இமைக்குள் சிவந்து கொழுத்தன. டைரக்டர் அண்ணாச்சியின் கடிதத்தில் கையெழுத்துப் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அவருக்கும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? போட்டபின் அதை அவரே கீழே கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி வாங்கிக்கொண்டு, “சாப், ஒரு நிமிசம்” என்று அவர் இமையை இழுத்துப் பார்த்தார். டைரக்டர் அசையாமல் நின்றார்.

இப்போது அண்ணாச்சி ஓய்வு பெற்று விக்ரோலியில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் வேலையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். நான் எப்படி இருக்கிறேன், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றெல்லாம் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கீழ்வீட்டுக்காரர் வாங்கிய ஆடு, அதற்கு வந்த இருமல், அவர்கள் கொடுக்கும் தவறான தீவனம் என்று அரை மணி நேரம் போகும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் காய் நறுக்குவேன். “உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்பார் என் கணவர்.

போன ஞாயிறு பத்து மணிக்குப் போன் வரவில்லை. பத்தரை வரை பார்த்தேன். காய் நறுக்கி முடித்துவிட்டேன். அப்புறம் நானே போட்டேன்.

“என்ன மேடம், நீங்களே கூப்பிட்டிருக்கிய? எதும் விசேசமா?”

“ஒண்ணுமில்லை அண்ணாச்சி,” என்றேன். “அந்த ஆட்டுக்கு இருமல் நின்னுடுத்தா?”